கூப்பிடாத துரை

காலேஜில் படிக்கிறவனிடம் எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். என்னிடம் காசிமேட்டுக் குப்பமே கேட்டது. அங்கிருந்து அப்போது காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

சர்க்கார் ஐந்தாண்டுத் திட்டம் போட்ட காலம் அது. நான் முப்பதாண்டுக்குப் போட்டேன். பி.ஏ. முடித்ததும் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, பிறகு தலைமைக் குமாஸ்தா, அப்புறம் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியதும் அவருடைய நாற்காலி. (துரையிடம் இன்னும் கலந்து பேசவில்லை.)

அம்மா ராயபுரத்தில் தெருத்தெருவாக மீன் விற்றவள். அந்தக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா அவளுடைய வாடிக்கைக்காரர். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து அவருக்கென்று எடுத்துவைத்து, மாதக்கணக்கில் கெஞ்சி, கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நேர்காணல் வாங்கிவிட்டாள்.

"இன்னா குட்த்தாலும் சரின்னு சொல்லிடு கண்ணு. நைனாவால இனிமே கடலுக்குப் போவ முடியாது" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அப்பாவுக்கு நெஞ்சு வலியும் இருமலும்.

எனக்கா புத்திமதி? கரையில் மீன் பேரம் பார்த்தே வளர்ந்தவன் நான். முதல் விலைக்குத் தலையாட்டுகிறவன் மடையன். உதட்டைப் பிதுக்கி, முதுகைக் காட்டி நடக்க வேண்டும். நாலடி போவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாத வியாபாரியை நான் பார்த்ததே இல்லை.

துரை நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், நானும் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் பதில் சொன்னேன். சம்பளத்தைச் சொன்னார். நைனா கனவிலும் காணாத தொகை. உள்ளே துள்ளினேன், வெளியே உதட்டைப் பிதுக்கினேன். எழுந்தேன். திரும்பி நடந்தேன்.

பெரிய அறை. கூப்பிட அவருக்கு அவகாசம் தர வேண்டுமே என்று கல்யாண ஊர்வலம்போல நடந்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செருப்பு வாரைச் சரிசெய்தேன். (வார் நன்றாகத்தான் இருந்தது.) பின்னாலிருந்து குரல் வந்தது. வெற்றிப் புன்னகையோடு திரும்பினேன்.

"கதவ சாத்திக்கினு போப்பா" என்றார் பியூன்.

சேதி எனக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஊரே கூடி நிற்க, எவன்டா உனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது என்று நைனா கேட்டார். பி.ஏ. மாணவன், முட்டாள் என்று பெயர் வாங்கலாமா?

"அம்மாதான் சொன்னாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். (அந்தப் பார்வையை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.) பிறகு நைனாவிடம், "ஆமா, நாந்தான்" என்றாள்.

நைனா இன்னும் சில வருஷம் இருமிக்கொண்டே கட்டுமரம் தள்ளினார். நான் திருவொற்றியூரில் வாத்தியாரானேன். சம்பளத்தைச் சொல்லி முடிக்குமுன் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா அந்தக் கதையைத் தன் கதையாகவே ஆக்கிக்கொண்டாள். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் நடுவில் உட்கார்ந்து சொன்னாள்: "நாந்தாம்மா சொல்லி அனுப்பினேன், திரும்பி நட, கூப்புடுவான்னு. அந்த தொர ஒருநாளும் மீன் வாங்கினதில்லன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பந்தல் குலுங்கியது. மாப்பிள்ளைக் கோலத்தில் நானும் சிரித்தேன். அவள் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது என் பேரன் அதே வார்த்தைகளில், 'கொள்ளுப்பாட்டி செய்த கூத்து' என்று சொல்கிறான். நான் இன்னும் அவனைத் திருத்தவில்லை.