ஈரான் டீமேக்கரின் சமாதானத் தூது

ஊவா மாகாணத்திலேயே சண்டையை அவரளவுக்கு ரசித்தவர் கிடையாது. சமாதானம் பேசப் போய் அவரளவுக்கு அடி வாங்கியவரும் கிடையாது. பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வேலைக்கு டீமேக்கர் என்று பெயர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஈரான் டீமேக்கர்.

எங்கள் தேயிலை ஈரானுக்குப் போகிறது என்று யாரோ சொன்ன நாளில் தொடங்கியது வினை. கொழும்புக்குப் போன மனிதர், பழைய பாரசீக வீரகாவியக் கதைகளை இங்கிலீஷில் சொல்லும் தலையணை மாதிரியான புத்தகத்தோடு வந்து இறங்கினார். "எங்கட தேத்தண்ணியைக் குடிக்கிறவன் என்ன கதை கேக்கிறான் எண்டு தெரிய வேண்டாமே?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்ற எங்களுக்குத் தினமும் யுத்தம்தான். குடையைச் சுழற்றி, இதுதான் கதாயுதம் என்பார். யானைகள் சாயும், ரத்தம் ஆறாக ஓடும். எல்லோரும் செத்து முடிந்ததும் குடையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, "இவ்வளவும் ஏன்? ஒரு ராசாவின்ர வீம்புக்கு" என்பார். அந்தக் கதைகளைப் பாடிய புலவர்களும் அப்படித்தானாம். ஆசை தீரச் சண்டையை வர்ணித்துவிட்டு, சண்டையை மூட்டியவனைத் திட்டித் தீர்ப்பார்களாம். "வென்றவன்தான் முதலில அழுவான். அவன்ர கண்ணிலதானே எல்லாப் பிணமும் படும்" என்பார். தன் ஊரில் நடந்துகொண்டிருந்த நிஜ யுத்தத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்.

ஒருமுறை பதுளை பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டுக்காகக் கட்டிப் புரண்டார்கள். இவர் நடுவில் புகுந்து, "நில்லுங்கோ, முதலில ரெண்டு பேரும் உங்கட குலப்பெருமையைச் சொல்லவேணும். அதுதான் முறை" என்றார். அந்த இரண்டு பேரும் உடனே ஒற்றுமையாகி இவரை அடித்தார்கள். சமாதானம் வந்துவிட்டதில் அவருக்குப் பரம திருப்தி.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் கல்யாணம் மாட்டியது.

எங்கள் தோட்டம் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு. மாரியம்மன் தேர் முதலில் மேலேயா, கீழேயா என்று திருவிழாவில் தகராறு. கல் பறந்து நாலைந்து மண்டை உடைந்தது. நான் மேல் டிவிசன். எனக்கு நிச்சயம் செய்திருந்த செல்வி கீழ் டிவிசன். போதாக்குறைக்கு அவள் அப்பா சுப்பையாதான் அங்கே தலைவர். "மேல் டிவிசன்காரனுக்கு எம் பொண்ணு இல்ல" என்று சொல்லியனுப்பிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீமேக்கர் முகத்திலோ தீபாவளி. "தூது போவம்" என்றார். பாரசீகத் தூதன் வெறுங்கையோடு போகமாட்டானாம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு, ஈரானுக்குப் போகிற முதல்தரத் தேயிலையில் கொஞ்சம் வாங்கி, தாம்பாளத்தில் குவித்து, பட்டுத்துணி போர்த்தி என் தலையில் ஏற்றினார்.

சுப்பையா வீட்டு வாசலில் நின்று முறைப்படி தொடங்கினார். மேல் டிவிசனின் வீரத்தைப் பாடினார். இணங்காவிட்டால் கோட்டை தூளாகும் என்று வரிசையாக நின்ற லயத்து வீடுகளைக் காட்டி எச்சரித்தார். சனம் கூடிவிட்டது. சிலர் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. பிறகு பட்டுத்துணியை விலக்கினார்.

சுப்பையா எட்டிப் பார்த்தார். "ஏங்க டீமேக்கர் ஐயா, எம் பொஞ்சாதி மழையில நனைஞ்சு எடுத்த கொழுந்து இது. இதையே எங்களுக்குச் சீர் கொண்டாந்தீங்களா? நக்கலா பண்றீங்க?"

கூட்டம் நெருங்கியது. என் கல்யாணம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். டீமேக்கர் திருதிருவென்று விழித்தார். காவியத்தில் இந்தக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாதான் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது கழித்துப்போட்ட தூள்தான். அரைக்கும் மெஷினில் நின்ற நானே நல்ல தேயிலையைக் குடித்ததில்லை. சுப்பையா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இம்புட்டு நாளா நாம குடிச்சது என்னாங்க?" என்றாள் பேச்சியம்மா.

சுப்பையா கோப்பையை மறுபடி நீட்டினார். இரண்டாவது கோப்பை முடிந்ததும் என்னைப் பார்த்தார். "மேல் டிவிசன்லயும் யாரும் இதைக் குடிச்சதில்லையா?"

"இல்லீங்க மாமா."

"அவங்களையும் வரச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு அந்தத் தேயிலை தீரும்வரை அடுப்பு அணையவில்லை. தேர் ஒரு வருஷம் மேலே, மறு வருஷம் கீழே என்று முடிவானது.

கல்யாணத்தன்று நான் தாலி கட்டும்போது டீமேக்கர் தேம்பித் தேம்பி அழுதார். பேச்சியம்மா பதறிப்போய், "என்னங்க ஐயா?" என்றாள்.

"நான் வென்றிட்டன் எல்லே. ஒரு பிணமும் விழேல்லை" என்றார். மணவறையில் பேசுகிற பேச்சா இது என்று என் மாமியார் அவரைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கல்யாணப் படத்தில் குடையும் கையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். எங்களைச் சேர்த்துவைத்த ராசா என்று செல்வி சொல்லுவாள்.