விமானத் திடலில் நட்ட வாழை

கூச்சம் பிடித்த ஒருவனைத் தாய்மாமனாகப் படைத்தது கடவுள் விட்ட பிழை. தாய்மாமன் என்றால் சபை நடுவே நிற்க வேண்டும், கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நானோ பேக்கரியில் பாண் வாங்கப் போனால் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிடுகிற ஆள். (பாண் முடிந்து வெறுங்கையோடு வந்த நாட்களும் உண்டு.)

பேர்லினில் இருக்கும் என் அக்காவின் மூத்த மகள் ஆரணி பெரியபிள்ளையானாள்; சாமத்தியவீடு வந்தது. தண்ணீர் வார்த்து வீட்டோடு முடிப்போம் என்றாள் அக்கா. அத்தான் விடவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர் கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் தன் மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அன்று தொட்டு அத்தானுக்கு நித்திரை இல்லை.

"குதிரை என்ன குதிரை! நான் ஹெலிகொப்டரிலை இறக்கிறன். தாய்மாமன்தான் கையைப் பிடிச்சு இறக்க வேணும். விளங்குதோ தம்பி?"

ஆரணியின் முகம் வெளுத்திருந்தது.

"மாமா, இது சரியான பைன்லிஷ்," என்றாள் மெல்ல. (மானம் போகிற காரியத்துக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்லும் ஜெர்மன் சொல்.) "என்ரை வகுப்புப் பிள்ளையளும் வருவினம். அப்பாவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அத்தானிடம் நான் சொல்வதா? "பாப்பம்" என்று நழுவினேன்.

ஹெலி இறங்க அத்தான் பிடித்த இடம், நகரத்துக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு போர்க்கால விமானத் திடல். வெடித்த கொங்கிரீட் ஓடுபாதை, வெடிப்பெல்லாம் புல், கூரையில்லாத கொட்டகை, சுற்றிவரப் பைன் காடு. ஒரு காலத்தில் விமானங்கள் குண்டு ஏற்றிக்கொண்டு கிளம்பிய இடத்தில் நாங்கள் கூடாரம் அடித்துப் பலகாரத் தட்டுகளை அடுக்கினோம். திடலின் சொந்தக்காரக் கிழவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எங்கேயும் கிண்டக் கூடாது, மண்ணுக்குள் பழைய குண்டுகள் இருக்கலாம்.

விழாவன்று சனம் வந்து இருந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஆரணி அலங்காரத்தோடு ஹெலிக்கருகே காத்திருந்தாள். நான் காரில் போய் அவளோடு ஏறுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் திடல் காற்று, வாசலில் வாளிக்குள் நிறுத்தியிருந்த குலை வாழையைப் பிரட்டி வீடியோக்காரர்மேல் போட்டது.

"தம்பி, கிடங்கு வெட்டி வாழையை நட்டுப்போட்டு ஓடும்."

"கிண்டக்கூடாதெண்டு அவர் சொன்னவரெல்லோ, அத்தான்?"

"வெள்ளையள் எல்லாத்துக்கும் அப்பிடித்தான். விழுந்த வாழையோடை பிள்ளையைக் கூப்பிடுறதோ? அபசகுனம்!"

குண்டுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் நான். அப்படிப்பட்டவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குண்டு இருக்கும் என்று சொன்ன நிலத்தை அலவாங்கால் குத்தினேன். கொஞ்சம் ஆழம் போனதும் 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் உருண்டையான, துருப்பிடித்த இரும்பு.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சபையில் வாய் திறந்தேன். "குண்டு!" கத்திய கையோடு குப்புற விழுந்தேன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால், நாட்டிலிருந்து வந்த எங்கள் தலைமுறை முழுக்கப் பட்டுச் சேலையும் கோட்டு சூட்டுமாகப் புல்லில் படுத்திருந்தது. ஐயர் பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் கிடந்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்றபடி எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஏன் எல்லாரும் படுத்திருக்கிறியள்?"

"நீயும் படுடா, விசரா!"

கிழவர் பொலிசுக்கு ரெலிபோன் அடித்தார். பொலிஸ் வந்து எங்களை வெளியேற்றியது. ஹெலி வராதபடி ஆகாயத்தையும் பூட்டியது. "அஞ்சு நிமிசம்தான், இறங்கிப்போட்டு உடனை போயிடும்," என்று அத்தான் ஜெர்மனில் கெஞ்சிப் பார்த்தார். பொலிஸ்காரி வீதியைக் காட்டினாள்.

பக்கத்துக் கிராமத்துத் தீயணைப்புப் படையினர் இரக்கப்பட்டுத் தங்கள் வண்டிக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். ஆரணி காரில் வந்து இறங்கினாள். அங்கே நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்ததும்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "மாமா, இதிலை ஏறுவமோ?" வகுப்புப் பிள்ளைகள் கைதட்ட, நீல விளக்குச் சுழல, தீயணைப்பு வண்டியிலிருந்து அவள் கையைப் பிடித்து இறக்கினேன். (வீடியோவில் என் கண் மூடித்தான் இருக்கிறது.)

பின்னேரம் குண்டு நிபுணர் வந்து முடிவைச் சொன்னார். அது குண்டு இல்லை. அந்தக் காலத்துப் படைச் சமையலறையில் சூப்புக் காய்ச்சிய பெரிய கிடாரம், கவிழ்ந்தபடி புதைந்திருக்கிறது. சபை என்னைப் பார்த்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு உணவகத்தில் சட்டி கழுவியே சீவிக்கிறவன் நான். அடியைப் பார்த்தே எந்தச் சட்டி என்று சொல்லுவேன் என்று பெருமையடித்தவனும் நான்தான்.

அன்றிலிருந்து குடும்பத்தில் ஒரே கதை: ஹெலியில் ஏறப் பயந்து, முதல் நாளே அந்தக் கிடாரத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள் தாட்டது நான்தானாம். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். "உம்மை நம்பி இனி ஒரு பூக்கண்டும் நடேலாது," என்கிறார் அத்தான்.

இந்த வருடம் ஆரணியின் தங்கச்சியின் முறை. அத்தான் மறுபடியும் ஹெலிக்கு விலை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். போன கிழமை நான் அக்கா வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது சின்னவள் பின்னால் வந்து என் சேட்டு நுனியை இழுத்தாள். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் காதுக்குள் கேட்டாள்:

"மாமா, இன்னொரு கிடாரம் இருக்கோ?"