அத்தானின் கண்ணும் என் திட்டமும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அத்தான் சுகம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்தான் சுகமில்லை. போனில் சொல்ல முகமில்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நான் கொண்டுவந்த புது முறையைப் பற்றி உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அளந்தேனே, எல்லாம் அதனால் வந்த வினைதான். சிகிச்சையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பொதுவானதை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்து, அவரவருக்குத் தேவையான துண்டை மட்டும் மேலே சேர்ப்பது. செலவும் குறையும், கவனிப்பும் குறையாது. அத்தானுக்கு வேண்டியதை நானே தேர்ந்தெடுத்தேன். 'உடனிருப்பவர்' என்று ஒரு துண்டு உண்டு. ஆபரேஷன் அறைவரை ஒரு நர்ஸ் பக்கத்திலேயே இருந்து பேச்சுக் கொடுப்பார். "காலமெல்லாம் லாரி ஓட்டுன மனுஷன், அவருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அந்த நர்ஸிடமே சொல்லி அதை எடுத்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். துண்டுக்கொரு மேசை, ஒவ்வொரு மேசையிலும் "எந்தக் கண்ணு?" என்று கேட்டு அங்கியில் ஒரு கலர்ச் சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். கண்ணில் மருந்தை விட்டுத் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள். நான் மாடியில் நிர்வாகக் குழுவுக்கு இதே முறையின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் ஓடிவந்து, "சார், உங்க அத்தானைக் காணோம்!" என்றார்.

தெருவுக்கு ஓடினேன், என் பின்னால் நிர்வாகக் குழுவும். பஸ் நிறுத்தத்தில், முதுகுப்பக்கம் திறந்த அங்கியும் உடம்பெல்லாம் சீட்டுமாக, பற்பசை விளம்பரத்தில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஒரே ஒரு நிமிஷம்மா, உதவி பண்ணும்மா" என்று அத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். மருந்தால் எல்லாமே அவருக்கு மங்கல். ஆபரேஷனுக்குப் பயந்துபோய், ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் காசு கேட்கிறார் என்று நினைத்தேன். என் கோட்டைக் கழற்றி அவரைச் சுற்றினேன்.

"யாரு, மச்சானா? எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றார்.

ஆபரேஷன் முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லி உள்ளே போனேன். பாதியில் மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்த நர்ஸ், "உடனிருப்பவரைச் சேர்த்துடலாமா சார்? உங்களுக்குத்தான்" என்றார்.

உன் புருஷனைச் சீட்டு ஒட்டிய பார்சலாக்கி, பயத்தில் தெருவுக்கு விரட்டியவன் நான். மன்னித்துவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இதை மட்டும் அவர்களுக்குப் படித்துக்காட்டாதே.

தலைகுனிந்து நிற்கும்
உன் தம்பி

பி.கு.: அத்தானுக்கு இதை வாசித்துக்காட்டினேன். "பயமா? எனக்கா?" என்று சிரிக்கிறார். அவருடைய போனைத் துணிமணியோடு வாங்கி வைத்துவிட்டார்களாம். உள்ளே போகுமுன் உன்னோடு ஒரு வார்த்தை பேச, யாரிடமாவது போன் கேட்கத்தான் வெளியே போனாராம். "இப்பவாவது கூப்பிட்டுச் சொல்லுங்களேன் அத்தான்" என்றேன்.

"இப்ப எதுக்கு போன்? அதான் கண்ணு தெரியுதே, நேர்ல பாத்தே சொல்லிக்கிறேன்."