முதுகு அண்ணை பார்த்த படகு

படங்களை முன்பக்கம் பார்த்து ரசிக்கிறவர்கள் உலகம் முழுக்க ஒரு கட்சி என்றால், எங்கள் முதுகு அண்ணை தனியாக ஒரு கட்சி.

எங்கள் நகரத்தின் ஓரத்தில், ஹென்டர்சனில் ஒரு பழைய சாமான் கடை. மழையில் ஒரு பாலம், குடையோடு ஓடும் நாலு பேர். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம். நான் வாயைப் பிளந்து நிற்க, அண்ணை அதைச் சட்டத்திலிருந்து உருவிக் கவிழ்த்தார்.

“முன்னுக்கு எல்லாரும்தான் பாப்பினம், பிள்ளை. கட்டையில நிறம் பூசி, தாளை வைச்சு, தாளின்ர முதுகில கையால தேய்ப்பாங்கள். நிறம் ஊறி வரும். மெஷினில அடிச்சதெண்டால் பின்னுக்கு வெள்ளை.”

அந்தப் படத்தின் முதுகு வெறும் வெள்ளை. அந்த நிமிடமே எனக்குப் பித்துப் பிடித்தது. ஒரு மாணவியின் கைக்கெட்டும் விலையில் ஓர் அசலை நானே கண்டுபிடித்தாக வேண்டும்.

அண்ணைக்கு அச்சகத்தில் வேலை. ஹில்ஸ்பரோவில் அவர் வீட்டு அறையொன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். விருந்துக்குப் போனால் மனிதர் சோற்றுக்கு முன் சுவருக்குப் போவார். ஒரு வீட்டில் கல்யாணப் படத்தையே கழற்றிக் கவிழ்த்துவிட்டார்.

“அண்ணை, அது என்ர மனிசி,” என்றார் வீட்டுக்காரர்.

“ஓம், ஒரிஜினல்தான்,” என்று திரும்ப மாட்டினார்.

ஏழு சனிக்கிழமைகள் அலைந்தேன். எட்டாவதில், கிளென்ஃபீல்டில் ஒரு கராஜ் சேலில், கசெட் பெட்டிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே சட்டமில்லாத ஒரு படகுப் படம். மங்கி, முன்னும் பின்னும் ஒரே சாம்பல். அசலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணிந்து வாங்கி, அண்ணை வருமுன் சாமித்தட்டருகே சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மூலையில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“புதுப் படமெல்லோ, பொட்டு வைச்சனான்,” என்றார் அண்ணையின் மனைவி.

அண்ணை வந்தார். கவிழ்த்தார். பின்பக்கத்திலும் அதே இடத்தில் ஒரு சிவப்பு.

“ஊறியிருக்கு, நல்ல தாள்,” என்று ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். “கையால தேய்ச்ச தடமும் இருக்கு. அசல்தான். முதல்ல அந்தக் குங்குமச் செப்பை ஒளி.”

அன்றுதான் அவர் ஒரு படத்தின் முன்பக்கத்தையும் பார்ப்பதை நான் கண்டேன். ஓரத்தில் படகு பாதியோடு நின்றது.

“இது மூண்டு தாள் சேர்ந்தால்தான் முழுசாகிற படம், பிள்ளை. மிச்சம் ரெண்டும் எங்கயோ கிடக்கு.”

போன மாதம் அண்ணையும் மனைவியும் வெலிங்டனுக்குக் குடிபோய்விட்டார்கள். நாளைக்கு நான் ஹென்டர்சனிலிருந்து மறுபடி தேடத் தொடங்குகிறேன். மிச்சப் படகு கிடைத்தால் கவிழ்த்துப் பார்க்காமலே வாங்குவேன். அதை அவர் வந்து செய்யட்டும்.