சஃபாரியின் தோளில் தூசி

வீட்டம்மா பீரோவைத் திறந்து வச்சுக்கிட்டுச் சிரிச்சா நம்ம மோப்பம் உஷாராயிடுவாரு.

மோப்பம்ங்கிறது வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல வச்ச பேரு. இன்சூரன்ஸ் கம்பெனியில நஷ்டத்தைச் சரிபார்க்கிற வேலை. கடை எரிஞ்சுபோச்சு, குடோன் முழுகிப்போச்சுன்னு யாராவது அழுதுக்கிட்டு வந்தா, அந்தக் கண்ணீர்ல உப்பு இருக்கான்னு நக்கிப் பார்க்கிற ரகம்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பீரோ திறந்திருந்துச்சு. வீட்டம்மா சிரிச்சாங்க.

"ஏங்க, இனிமே நம்ம துணிமணி பூமிக்குப் பாரமா இருக்கக் கூடாது."

"பூமி வந்து உன்கிட்ட அழுதுச்சா?"

"கிண்டல் வேண்டாம். ஒரு சட்டை செய்ய எவ்வளவு தண்ணி செலவாகுது தெரியுமா? இனிமே புதுசு வாங்குறதில்ல. இருக்கிறதைப் போடுவோம். போடாததை வேற எதுக்காவது ஆக்குவோம். கடைக்குப் போக பிளாஸ்டிக் பை கூட வேண்டாம், கெட்டித் துணியில ஒண்ணு தைச்சுக்கலாம்."

"நீ? புதுசு வாங்க மாட்டே?"

"மாட்டேன்."

மோப்பத்துக்கு மூக்கு துடிச்சுது. தள்ளுபடி போர்டைப் பார்த்தா ஓடுற பஸ்லேர்ந்து குதிக்கிற மனுஷி! இதுல ஏதோ இருக்கு.

வீட்டம்மா எல்லா ஹேங்கரையும் கொக்கி வெளியே பார்க்கிற மாதிரி மாட்டினாங்க. ஒரு துணியைப் போட்டுட்டா, திரும்ப மாட்டும்போது கொக்கியை உள்ளே பார்க்கிற மாதிரி மாட்டணும். மழைக்காலம் முடியிறப்போ எந்தக் கொக்கி இன்னும் வெளியே பார்த்துக்கிட்டு நிக்குதோ, அந்தத் துணிக்கு பீரோவில இடம் கிடையாது.

மோப்பத்தோட கண்ணு நேரா பீரோ மூலைக்குப் போச்சு. அங்க தொங்குச்சு அவரோட பழுப்பு கலர் சஃபாரி சூட். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குப் போட்டது. யாரோ பெரிய அதிகாரின்னு நெனச்சு வாட்ச்மேன் எந்திரிச்சு சல்யூட் அடிச்சான். அதுக்கப்புறம் இவரைப் பார்த்து எவனும் எந்திரிச்சதில்ல. அப்போ வயிறு இடுப்புக்குள்ள அடங்கி இருந்துச்சு. இப்போ இடுப்புதான் வயித்துக்குள்ள எங்கேயோ இருக்கு.

"இதுக்குமா இந்தச் சட்டம்?"

"எல்லாத்துக்கும்தாங்க."

குரல்ல தேன் சொட்டுச்சு. அதான் ஆபத்து.

மறுநாள் காலையில பார்த்தா, வீட்டம்மா சஃபாரியோட முதுகுல கையை விரிச்சு விரிச்சு வைக்கிறாங்க.

"என்ன பண்றே?"

"தூசி தட்டலாமான்னு பார்த்தேன்."

"சாண் போட்டா தூசி தட்டுவாங்க?"

"துணி என்ன கெட்டி பாருங்க! இப்பல்லாம் எங்க கிடைக்குது?"

கல்யாணமான நாள்லேர்ந்து அதை 'லாட்ஜ் மேனேஜர் டிரெஸ்'னு சொன்ன வாய் இது. இன்னைக்குப் புகழுது. மோப்பத்துக்கு உடனே புரிஞ்சுபோச்சு. தம்பி! வீட்டம்மாவோட தம்பி கடை திறக்கப் போறான். ஆளு ஒல்லி. சஃபாரி அவனுக்குக் கச்சிதமா இருக்கும். சுற்றுச்சூழலாம், பூமியாம்!

அவரு ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டம்மா குளிக்கப் போனாங்க. சஃபாரியைப் போட்டுப் பார்க்கிற தைரியம் இவருக்கு இல்ல. ரெண்டே விரலால, துணியைத் தொடாம, கொக்கியை மட்டும் திருப்பி மாட்டினாரு. முடிஞ்சுது வேலை.

அந்தத் தெம்புல ராத்திரி சாப்பிடும்போது ஆபீஸ் வீரத்தை அவுத்து விட்டாரு.

"இன்னைக்கு ஒருத்தன் மாட்டினான். சரக்கு தினமும் வெளிய போகுது, உள்ள வருதுன்னான். மூட்டை மேல பார்த்தா தூசி மெத்தை மாதிரி படுத்திருக்கு. நகர்ந்த சரக்குல தூசி நிக்குமா?"

"நிக்காதுங்க."

"ஒரு பொய் சிக்கினா போதும். மொத்தத்தையும் தள்ளிடுவேன்."

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்! அதான் ரூல்."

"நல்ல ரூலுங்க"ன்னு வீட்டம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டாங்க. உலகத்துல எல்லாத்தையும் சந்தேகப்படுறவரு அந்தச் சோத்தைச் சந்தேகப்படாம சாப்பிட்டாரு.

மழை விட்டுச்சு. தீர்ப்பு நாளும் வந்துச்சு. வீட்டம்மா தன்னோட புடவையில பாதியை எடுத்து அக்காவுக்குக் கொடுக்கத் தனியா வச்சாங்க. அப்புறம் மூலைக்கு வந்தாங்க.

"அட! சஃபாரி போட்டீங்களா? எப்போ?"

"நீ தம்பி வீட்டுக்குப் போனப்போ."

"பட்டன்?"

"எல்லாம் போட்டேன்."

"மூச்சு?"

"அதுவும் விட்டேன்."

வீட்டம்மா சஃபாரியோட தோள்ல ஒத்தை விரலால ஒரு கோடு இழுத்தாங்க. மண்ரோட்டுல சைக்கிள் போன மாதிரி தடம் விழுந்துச்சு.

"நகர்ந்த சரக்குல தூசி நிக்குமாங்க?"

"அது... புதுத் தூசி."

"ஒரு பொய் சிக்கினா மொத்தத்தையும் தள்ளணும்னு யாரோ சொன்னாங்க." வீட்டம்மா கண்ணு அவரோட சட்டை வரிசை மேல மெதுவா ஊர்ந்துச்சு. அவரோட சட்டைங்க அத்தனையும் ஹேங்கர்ல நடுங்கின மாதிரி இருந்துச்சு.

"சத்தியமா போட்டேன்டி!"

"அப்போ சரி. இன்னைக்குச் சாயங்காலம் தம்பி கடை திறப்புக்கு அதையே போட்டுக்கிட்டு வாங்க. உங்க துணி எதுவும் பீரோவை விட்டு வெளிய போகாது."

வேற வழி? மோப்பம் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. கையை நுழைச்சாரு. வயித்தை முதுகுப் பக்கம் அனுப்பினாரு. முதல் பட்டன் எப்படியோ மாட்டிக்கிச்சு. ரெண்டாவது பட்டனும் அதோட ஓட்டையும் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நின்னுதுங்க. பிடிச்சு இழுத்தாரு.

டர்ர்ர்ர்.

கதவுக்கு வெளியேர்ந்து அதே தேன் குரல்.

"ஏங்க, எங்க கிழிஞ்சுது?"

"...முதுகுல."

"நடு முதுகா?"

"நடு முதுகு."

"நல்லதாப் போச்சுங்க. பை தைக்க நானும் அங்கதான் வெட்டணும்னு சாண் போட்டு வச்சிருந்தேன்."