மூன்று வருடம் முன்பே காலாவதியானவள்

திண்டிவனத்தில் மருந்துக்கடை நடத்துகிற எனக்குத் தேதி பார்ப்பது ஒரு வியாதி. எதை வாங்கினாலும் திருப்பிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் கொடுக்கிற தண்ணீர் பாட்டிலைக்கூட விடமாட்டேன். (தாகமெல்லாம் அப்புறம்தான்.) அப்பேர்ப்பட்டவள் என் உடம்புக்குள் இருந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஏழு வருடமாகத் தேதி பார்க்கவில்லை.

இடது மார்பில் புற்றுநோய் வந்து, விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து, மார்பை எடுத்த இடத்தில் சிலிகான் பை வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தேன். போன வருடம் பீரோவை ஒழுங்குபண்ணியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை கிடைத்தது. சிலிகான் வந்த டப்பாவின் ஸ்டிக்கரை அதில் ஒட்டியிருந்தார்கள். பேட்ச் நம்பர், பக்கத்தில் காலாவதித் தேதி. அது முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஒரு நாள் தாண்டிய இருமல் மருந்தைக்கூடக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிறவள் நான். மாடியில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) காயவைத்துக்கொண்டிருந்த கணவரிடம் ஓடினேன்.

"என்னங்க, எனக்குள்ள எக்ஸ்பயரி சரக்கு இருக்குங்க!"

அவர் அட்டையை நிதானமாகப் படித்தார். "ரிட்டர்ன் எடுத்துப்பாங்களா?"

நான் முறைத்த முறைப்பில், "சரி சரி, ஜல்தி கெளம்பு" என்றார்.

பழைய வியாதியே திரும்பிவிட்டது போல விழுப்புரம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். மடியில் மாற்றுப் புடவை, ஃபிளாஸ்க், டம்ளர். (அட்மிஷன் என்று நானே முடிவு செய்திருந்தேன்.)

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும், கதவைச் சாத்தும் வரைகூட நான் பொறுக்கவில்லை. "மூணு வருஷமா கெட்டுப்போனத வெச்சிக்கினு திரியறேன் டாக்டர்! மருந்துக்கடைக்காரி எனக்கே இப்படின்னா மத்தவங்க கதி இன்னா?" வெளியே காத்திருந்த கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

அவர் அட்டையைப் பார்த்தார், என் ஃபிளாஸ்க்கையும் பார்த்தார்.

"ஏம்மா, இது பிரிக்காத டப்பாவுக்குப் போட்ட தேதி. கடையில ஊசி விக்கிறீங்களே, அதோட கவர்ல இருக்குமே, அது மாதிரி. உள்ள வெச்சதுக்கு இந்தத் தேதி கெடையாது."

இருபது வருடமாக ஊசி விற்கிறேன்.

"அப்ப ஆயுசுக்கும் வருங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது. நிறைய பேருக்குப் பத்து, பதினஞ்சு வருஷம் வரும், சிலருக்கு அதுக்கு மேலயும். வருஷம் ஆச்சுன்னு மட்டும் மாத்த வேணாம். கிழிஞ்சாலோ, இறுகிப்போனாலோ, வீங்கினாலோ, வலிச்சாலோ, வடிவம் மாறினாலோ அப்ப மாத்தறதப் பத்திப் பேசலாம். ஆனா வெளிய தெரியாமயும் கிழியும். அதுக்குத்தான் ஸ்கேன்."

அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அவர் கையெழுத்திலேயே ஸ்கேனுக்கு வரவேண்டிய தேதி. அது போய் இரண்டு வருடம்.

"இந்தத் தேதியப் பாக்கலியா?"

ஊரிலிருக்கிற பாட்டிலையெல்லாம் திருப்பிப் பார்த்தவள் அந்த அட்டையைத் திருப்பவில்லை. உண்மையைச் சொன்னால் பயம். எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் பீரோவின் அடியில் திணித்தேன்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை ஃபிளாஸ்க்கில் இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் குடித்துத் தீர்த்தோம். கிழிசல் ஒன்றும் இல்லை என்றதும் கணவர்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஸ்கேன் தேதியை அவரே கடையின் எக்ஸ்பயரி நோட்டில் எழுதிவைத்தார். இருமல் மருந்துக்கும் கண் சொட்டு மருந்துக்கும் நடுவில் என் பெயர். மாதா மாதம் பட்டியலைச் சத்தமாகப் படிக்கிறார். கடையில் யார் நின்றாலும் சரி, என் பெயர் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார்: "இந்தச் சரக்கு மட்டும் ரிட்டர்ன் கெடையாது."