ஒத்தச்சொட்டு அண்ணனும் ஓயாத விசிறியும்

ரயில் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் போத்தனூரில் குடியிருக்க முடியும். ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டர் விசிறியின் சத்தத்துக்காக ஒரு தெருவையே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மனிதர் போத்தனூரில் மட்டுமல்ல, இந்தப் பூமி உருண்டையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஒத்தச்சொட்டு அண்ணன்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. யாரும் பயன்படுத்தாமல் அது துருப்பிடித்துவிட்டது. ஒருமுறை சிலிண்டர் கொண்டுவந்தவர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்க, வாசலில் நின்ற அண்ணனே, “அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லீங்களே” என்று அனுப்பிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவரும் நாங்களும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் கம்ப்யூட்டர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு எம்ப்ராய்டரி டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். சட்டைப் பையில் சிரிக்கும் கரடி, முதுகில் பாயும் புலி, காலர் ஓரத்தில் இரண்டு இலையோடு ஒரு ரோஜா, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் பிறந்தன. உள்ளறையில் ஒரு கட்டில், அதில் அவர் மனைவி பூவாத்தாக்கா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. குரல்தான் பாதி வழியில் நின்றுவிட்டது. பேச்சில் குழறல் கிடையாது, நாக்கில் கூர்மை குறையவில்லை, ஆனால் ஒலி மட்டும் நூலிழையாகிவிட்டது. எழுந்திருக்க ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவரைக் கூப்பிட அக்காவிடம் இருந்தது ஒரே சொல். “ஏனுங்க.”

அந்த ‘ஏனுங்க’வுக்கும் அண்ணனின் காதுக்கும் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது அந்த விசிறி.

சாதாரண இரைச்சல் இல்லை அது. காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும். கொஞ்ச நேரத்தில் அம்மியை உருட்டும். வெயில் ஏறியதும் முட்டையிட்ட கோழியாகக் கொக்கரிக்கும். “ரயிலு பரவாயில்லீங்க அம்மணி” என்பார் என்னிடம். “அது வந்துட்டுப் போயிருது. இது ஊட்டுக்குள்ளயே குடியிருக்குது!”

ஒருநாள் அக்கா கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டு, மறுபடி கூப்பிட்டு, கடைசியில் தானே எழப் பார்த்து, கட்டிலோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னறையில் அண்ணன் புலிக்கு வரி போட்டுக்கொண்டிருந்தார். அப்போது தெருவில் கரண்டு போனது. விசிறி நின்றது. வீட்டுக்குள் திடீரென்று விரிந்த அமைதியில், தரை மட்டத்திலிருந்து, அந்தச் சன்னமான “ஏனுங்க” கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கியவர், “நெம்ப நேரமாவா கூப்புட்டே?” என்றார்.

“ஆமாங்க. நீங்க புலிக்கு மீசை வெச்சுட்டு இருந்தீங்க.”

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. கரண்டு போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

மறுநாள் ஒரு மணி வாங்கிவந்து கட்டிலில் கட்டினார். அக்கா அதை ஒருமுறை பார்த்தார். “நானென்ன கோயில் மாடாங்க?” மணி கழற்றப்பட்டது. செல்போனில் அழைக்கச் சொன்னார். “ஒரே ஊட்டுக்குள்ள போன் போட்டுப் பேசறதுக்கு இதென்ன சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியா?” அதுவும் முடிந்தது. புது விசிறி மாட்டலாம் என்றால், அந்தப் பழைய பெட்டிக்குப் பொருந்தும் விசிறி காந்திபுரம் முழுக்கத் தேடியும் இல்லை. கம்பியால் கட்டி மாட்டிய புதுசு, பழசைவிட உற்சாகமாகப் பாடியது. பெட்டியையே மாற்றலாம் என்றால், டிசைன் மென்பொருள் அதைத் தவிர வேறு எந்தப் பெட்டியிலும் கண்ணைத் திறக்காது. மிச்சமிருந்தது ஒரே வழி. எண்ணெய்.

விசிறியின் நடுமுதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் சிறு குழி. அதில் ஒரு சொட்டு விட்டு, மறுபடி ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் எந்த எண்ணெய்? அங்கேதான் அண்ணன் விஞ்ஞானியானார். சொந்தப் பெட்டியில் சோதனை செய்ய அவருக்குத் தைரியமில்லை. ஆகவே தெருவில் இருந்த மற்ற எல்லாப் பெட்டிகளிலும் செய்தார்.

இங்க் ஃபில்லர் ஒரு கையில், காது குடையும் பஞ்சுக்குச்சி மறு கையில். “ஏனுங்க, ஊட்ல கம்ப்யூட்டரு சத்தம் போடுதுங்களா? ஒத்தச் சொட்டு போதுமுங்க!” சத்தம் போடாத கம்ப்யூட்டர்களும் அவர் வந்துபோன பிறகு போட ஆரம்பித்தன.

கதை எழுதிப் பிழைக்கும் என்னிடம் வந்தபோது தயங்கினேன். “அண்ணா, உங்க பெட்டியிலயே போட்டுப் பாக்கலாமுங்களே?”

“என்ற மிஷினு போச்சுன்னா சோறு போச்சுங்க அம்மணி. உங்களுது போனாக் கதைதானுங்களே போவும்!”

எழுத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான விமர்சனத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பெட்டியைத் திறந்துவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது துரு எடுக்கும் ஸ்ப்ரே. இரண்டு நாள் சொர்க்கம். பிறகு விசிறி, உள்ளே ஏற்கெனவே இருந்த கிரீஸையும் ஸ்ப்ரே கழுவிக்கொண்டு போய்விட்ட கோபத்தில், குக்கர் போல விசிலடித்தது. டியூஷன் வாத்தியாருக்கு விளக்கெண்ணெய். அந்த விசிறி தேர் மாதிரி நகர்ந்தது. இழுக்க வடம்தான் இல்லை. ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு நல்லெண்ணெய். கடை முழுக்க இட்லிப்பொடி வாசம். அதை மோப்பம் பிடித்து எறும்புகள் சாரை சாரையாக வந்து கண்ணாடியில் ஏறிக்கொண்டதால், அந்த வாரம் ரேஷன் கார்டு நகல் எடுத்தவர்களுக்கெல்லாம் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் கூடியிருந்தார்.

இங்கேதான் எங்கள் ஊரின் பெரிய வியாதியைச் சொல்ல வேண்டும். மரியாதை. வீடு தேடி வந்து, பெட்டியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கைமாறு எதிர்பார்க்காமல் போகிற மனிதரிடம், “உங்க எண்ணெயால என்ற மிஷினு கெட்டுப்போச்சு” என்று சொல்லக் கொங்கு நாட்டில் எவருக்கும் வாய் வராது. அண்ணன் சோதனை முடிவு கேட்டு வீடுவீடாக வருவார்.

“விசிறி எப்படீங் வாத்தியாரே?”

“அருமைங்கண்ணா. நெதானமா ஓடுதுங்க.”

“ஜெராக்ஸ்காரம்மா, உங்களுதுங்?”

“நல்லா வாசமா இருக்குதுங்கண்ணா.”

எல்லா எண்ணெய்க்கும் எல்லா வீட்டிலும் நூற்றுக்கு நூறு. அண்ணன் குழம்பிப்போனார். எதையும் கழிக்க முடியவில்லையே! கடைசியில் ஜெராக்ஸ் கடையில் நல்லெண்ணெயைத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார். ஒரு குளிர்ந்த காலையில் வந்து கேட்டார்.

“இப்ப சத்தம் எப்படீங்?”

“சத்தமே இல்லீங்கண்ணா!”

அது சத்தியமான உண்மை. விசிறி சுற்றவே இல்லை. சூடேறிக் கம்ப்யூட்டர் தானாக அணையும்போதெல்லாம் அந்த அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் அண்ணனின் முகம் வாடுமே என்று சொல்லவில்லை.

அண்ணன் பறந்துபோய்த் தன் பெட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டார்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு கோயம்புத்தூரில் உண்டா? கெட்டியாக உறைந்து, தலையில் தேய்க்க ஸ்பூன் தேடுவோமே, அதே எண்ணெய்தானே? அதை மறந்த ஒரே ஆள் அண்ணன். முதல் சில நாள் பகல் வெப்பத்தில் ஓடிய விசிறி, ஒரு விடியலில் பாறையாகிவிட்டது. நான் கோலம் போட வெளியே வந்தபோது, அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் எண்ணெய் பாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கம்ப்யூட்டரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“இளகட்டுமுங்க அம்மணி” என்றார். சிரிக்கவில்லை. அன்று புலி டிசைன் திருப்பூர் போக வேண்டிய நாள்.

இளகியது. மாட்டினார். ஓடியது. அடடா, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்! முன்பு கோழி என்றால் இப்போது கோழிப்பண்ணை. புலியை முடித்து அனுப்பியே ஆக வேண்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் விழுந்து உருளும் ஒலி கேட்டது. பின்வாசல் வழியாக ஓடினேன். பூவாத்தாக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நின்றார் என்பதைவிட, கம்பி அவரைப் பிடித்திருந்தது என்று சொல்லலாம். நான் போட்ட கூச்சலில் அண்ணன் பாய்ந்து வந்து தாங்கினார். இரண்டு பேருமாகக் கட்டிலில் உட்காரவைத்தோம்.

அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்துவிட்டார். “தேங்காண்ணெ விட்டாச் சத்தமே இல்லீன்னு ஜெராக்ஸ்காரம்மா சொன்னாங்களே, பூவாத்தா...”

அக்கா மூச்சு வாங்கினார். பிறகு அந்த நூலிழைக் குரலில், ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓய்வெடுத்துச் சொன்னார்.

“இந்தத் தெருவுல ஒருத்தரும் உங்ககிட்ட நெசம் சொல்ல மாட்டாங்க. மருவாதி அப்புடி. மொதல்ல போயி திட்டு வாங்கீட்டு வாங்க.”

அண்ணன் எழுந்தார். வேட்டியை மடித்துக்கட்டினார். நடுத்தெருவில் நின்று, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். “ஏனுங்க! உங்க மரியாதையெல்லாம் அக்கட்டால தூக்கி வெச்சுப்போட்டு யாராச்சும் நெசத்தச் சொல்லுங்க! என்ற எண்ணெ எப்படி இருக்குது?”

தெரு உறைந்தது, தேங்காய் எண்ணெய் போலவே. முதலில் இளகியவர் ஜெராக்ஸ்காரம்மா. “அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த விசிறி சுத்தறதே இல்லீங்க.” அடுத்து வாத்தியார். “என்ற விசிறியும் செத்துப்போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க.” தலைக்கு ஒரு ‘தப்பா நெனைக்காதீங்க’ போட்டு, அத்தனை பேரும் மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும், “நெம்ப சந்தோசமுங்க, அப்புறமுங்க?” என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியாக, மூன்றாவது வீட்டிலிருந்து ஆறுச்சாமி வந்தார். நூல் மில்லில் ஃபிட்டர். கையில் ஒரு சின்ன பாட்டில்.

“இது ஸ்பிண்டில் ஆயிலுங்கண்ணா. நூலு முறுக்கற கதிரு சுத்தற வேகத்துக்கு மில்லுல இதத்தான் ஊத்துவோம். தண்ணியாட்ட இருக்கும், ஒறையாது, ஒட்டாது. உள்ள இருக்கற பழசப் பூராவும் தொடைச்சு எடுத்துப்போட்டு, அப்புறம் விடோணுமுங்க.”

அண்ணன் பாட்டிலைப் பார்த்தார். ஆறுச்சாமியைப் பார்த்தார். “இத எத்தன நாளா ஊட்ல வெச்சிருக்கறே?”

“எப்பவுமே இருக்குமுங்க.”

“என்ற கூத்தையெல்லாம் பாத்துட்டுத்தான இருந்தே?”

“பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்.”

“அப்புறம் ஏனப்பா சொல்லல?”

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். “நீங்க பெரியவங்க. எண்ணெயோட வாரப்ப, ‘இது ஆவாதுங்க’ன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்கண்ணா சொல்றது? நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க.”

அண்ணன் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பஞ்சுக்குச்சியால் குழியைத் துடைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெயின் கடைசிப் பிசுக்கும் போன பிறகு, ஒத்தச் சொட்டு விட்டார். ஸ்டிக்கரை ஒட்டினார். சுவிட்சைப் போட்டார். பிறகு எங்களை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். “எப்படி இருக்குதுன்னு நீங்க யாரும் சொல்ல வேண்டாமுங்க. பூவாத்தா சொல்லட்டும்.”

கம்ப்யூட்டர் முன்னால், வேலை செய்வது போலவே உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். உள்ளறையில், கூப்பிட்டுப் பார்ப்பதற்காக அக்கா. வாசலில் மூச்சைப் பிடித்தபடி நாங்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பியது. பெட்டி, பெட்டி, பெட்டி. முடியவே முடியாதோ என்று தோன்றும்படி, நாட்டிலுள்ள சிமெண்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு அது போனது. ஜன்னல் அதிர்ந்து ஓய்ந்தது. கடைசிப் பெட்டியும் போனபிறகு, விசிறி லேசாக ‘உஸ்’ஸென்று, தூங்கும் கன்றுக்குட்டியைப் போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

“ஏனுங்க.”

“வாரேன்!”

பதில் மட்டும் சொன்னால் போதும் என்பதுதான் ஏற்பாடு. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடியே போய்விட்டார். “என்ன வேணும் பூவாத்தா? தண்ணியா? எந்திரிக்கோணுமா?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. சும்மாத்தான் கூப்புட்டேன்.”

ஜெராக்ஸ்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க, ஒரு காரணமும் இல்லாமல், அந்தச் சுவர் வழியாக எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏனுங்க. வாரேன். ஏனுங்க. வாரேன். எந்த எண்ணெயும் அந்தக் குரலைப் பெரிதாக்கவில்லை. அது கடக்க வேண்டிய வழிதான் சீராகியிருந்தது.

தெருவில் யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கவனித்தேன். பால்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்தியிருந்தார். வாத்தியார் தன் பழைய மொபெட்டைத் திருப்பத்திலேயே அணைத்துவிட்டு, அந்த வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போனார். ஆறுச்சாமியும் அப்படியே. கேட்டால், “பெட்ரோல் மிச்சமுங்க” என்றார்கள்.

நான் இப்போது சரவணம்பட்டிக்குக் குடிவந்துவிட்டேன். எப்போதாவது போத்தனூர் போனால், அந்தத் திருப்பத்தில் என் கை தானாகச் சாவியைத் திருகிவிடுகிறது. வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். உள்ளே அக்கா ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கலாம்.